பெரியநாயகம் நிற்காத இடம்

1. முதல் நாள்

ரயில் எஞ்சினுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று என்னை அழைத்தபோது எனக்கு வயது அறுபத்தேழு. அதற்கு முன் எஞ்சினின் குரலைக் கேட்டு நடப்பதே என் பிழைப்பாக இருந்தது. லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, பின்னர் டீசல், மின்சார எஞ்சின்களில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கிடந்த வார இதழ்களிலும் கோவில்பட்டி நூலகத்திலும் எஞ்சிய படிப்பை நானே படித்துக்கொண்டேன். ஆகவே இக்குறிப்பில் நடைப்பிழை இருப்பின் வாசிப்போர் பொறுத்தருள்க. செய்திப்பிழை இராது.

என்னை அழைத்தவர் சங்கரலிங்கம். அவர் குடும்பம் தந்தையார் காலத்திலிருந்து தீப்பெட்டி லேபிள் அச்சடித்து வந்தது. தொழில் குறைந்தபின் அச்சகத்தின் மாடியில் கணினிகளை வைத்துக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தயாரிக்கத் தொடங்கினார். 'மஞ்சணத்தி ஜங்ஷன்' என்பது அத்தொடரின் பெயர். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். பெற்றோர் செல்போனில் குழந்தைகள் பார்ப்பார்கள். மஞ்சணத்தி என்னும் கற்பனை ஊரின் ஷெட்டில் பேசும் நீராவி எஞ்சின்கள் மூன்று இருந்தன. பாசஞ்சர் வண்டி இழுக்கும் கரிச்சான் பெருமை பேசுவான். யார்டில் பெட்டிகளைத் தள்ளும் சிட்டு ஓயாமல் கேள்வி கேட்பாள். கூட்ஸ் வண்டி இழுக்கும் பெரியநாயகம் மூத்தவர். எஞ்சினின் ஹெட்லைட்தான் அவற்றுக்குக் கண். பேசும்போது புகைபோக்கியில் ஆவி எழும். அவ்வாறு அமைத்தவர் சங்கரலிங்கமே. "லேபிள்ல ஒரு படம்தான் இருக்கணும் அண்ணாச்சி. தூரத்துல இருந்து பாக்கவனுக்கும் இன்ன பெட்டின்னு தெரியணும். எஞ்சினுக்கு மூக்கு, வாயெல்லாம் வச்சா மொகம் கலைஞ்சு போவும்" என்று எனக்கு விளக்கினார்.

தொடரை இயக்கியவர் ஜெயராணி. சென்னையில் அனிமேஷன் பயின்று ஊர் திரும்பிய பெண். முதலில் என்னைக் கதைகளில் தொழில்பிழை பார்க்கவே அழைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, பெரியநாயகத்துக்குப் பேசவும் வேண்டும் என்றார் ஜெயராணி. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் அமர, இப்பால் மைக் முன் நான் நின்றேன். முதல் வசனத்தைச் சொன்னதும் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"டிரைவர் சார், எதுக்கு இப்படி அலறுதீங்க? மைக்கு ஒங்க மூஞ்சிக்கு முன்னாலதான இருக்கு."

"எஞ்சின் மேல நின்னு பேசுன தொண்டை. அங்கன மெல்லப் பேசுனா பக்கத்துல நிக்கவனுக்குக் கேக்காதும்மா."

"சரி, மேலதிகாரிகிட்டப் பேசுத மாதிரி பேசிப் பாருங்க."

"அவியகிட்ட இன்னும் சத்தமாத்தான் பேசியிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். ஏழாவது டேக்கில்தான் என் குரல் அவருக்குப் பயன்படும் அளவுக்குத் தணிந்தது.

2. டோக்கன்

இரண்டாம் மாதத்தில் எனக்கும் ஜெயராணிக்கும் ஒரு வழக்கு எழுந்தது. கோபித்துக்கொண்ட கரிச்சான் ஷெட்டை விட்டுத் தனியாக ஓடிப்போவதாக ஒரு கதை வந்தது. இது நடக்காது என்று கூறிப் பிரதியை மூடி வைத்தேன்.

"சார், எஞ்சின் பேசும்னா ஒத்துக்கிடுதீங்க. தானா ஓடும்னா மட்டும் ஒத்துக்கிட மாட்டேங்கீங்க. இது என்ன நியாயம்?"

"பேசுதது எஞ்சினோட இஷ்டம். ஓடுதது ஸ்டேஷன் மாஸ்டரோட இஷ்டம்மா."

எதிர் வண்டியும் அதே தண்டவாளத்தில் வரும் அக்காலத்து ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக டிரைவர் கையில் ஒரு டோக்கன் தருவார்கள். வளையத்தில் கோத்த தோல்பையில் அது இருக்கும். அது கையில் இல்லாமல் வண்டியை ஓர் அடி நகர்த்தினாலும் வேலை போய்விடும், சில வேளை உயிரும் போய்விடும். இதனை எடுத்துரைத்ததும் ஜெயராணி கதையை மாற்றினார். டோக்கன் கிடைக்காத கரிச்சான் பத்து நிமிடமும் நின்ற இடத்திலேயே பொருமினான். அக்கதை நன்றாக ஓடியது. சைக்கிள் டயரை டோக்கன் வளையமாகத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் விளையாடுவதை நம் தெருக்களிலேயே நான் கண்டேன்.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் நான் கையொப்பமிட்ட பிறகே ஒலிப்பதிவு நடக்கும். கையொப்பமில்லாத பிரதியை ஜெயராணி தொடமாட்டார். அந்த மரியாதை எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

3. ஆட்டுக்குட்டி

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆட்டுக்குட்டி தண்டவாளத்தின் நடுவே படுத்திருக்கிறது. சரக்கு ஏற்றிய வண்டியோடு வருகிற பெரியநாயகம் அதைப் பார்க்கிறார். பிரேக் போடுகிறார். சக்கரங்களில் தீப்பொறி பறக்கிறது. குட்டியின் மூக்குக்கு ஒரு சாண் தொலைவில் வண்டி நிற்கிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்தி, "என்ன தங்கம், ஆத்தாளைத் தேடுதியா?" என்று கேட்கிறார். கதை இவ்வளவே.

சரக்கு ஏற்றிய வண்டி அப்படி நிற்காது. பிரேக் போட்ட இடத்துக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரே அடங்கிவிடும். இதை அறியாத டிரைவர் கிடையாது. நானும் அறிவேன். அந்தப் பிரதியிலேயே, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் தவறான இடத்தில் வரையப்பட்டிருந்ததைச் சிவப்பு மையால் திருத்தினேன். பிரேக்கைத் திருத்தவில்லை. கடைசி வசனம் என் தொண்டைக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோதே என் குரல் குழைந்தது. கையொப்பமிட்டேன். ஒரே டேக்கில் முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொடரிலேயே மிகுதியாகப் பார்க்கப்பட்டது அக்கதைதான். சங்கரலிங்கம் அந்தக் காட்சியை லேபிள் அளவில் ஸ்டிக்கராக அச்சிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

4. "நீங்கதான் அந்த ரயிலா?"

மாசி மாதம் ஒரு முற்பகலில் மாரித்தாய் என்னும் பெண் ஊருக்குள் விசாரித்து அச்சகத்துக்கு வந்தார். புதூர்ப் பக்கத்துக்காரர், ஆடு மேய்ப்பவர். அறுவடை முடிந்த கரிசல் நிலங்களில் உரத்துக்காக ஆடுகளைப் பட்டியில் அடைத்துக் கிடை போடுவது அவர்கள் வழக்கம். அவ்வாறு கிடையோடு ஊர் ஊராக வந்தவர்கள், அப்போது கோவில்பட்டிக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய ஒரு பருத்திக்காட்டில் தங்கியிருந்தார்கள். படியேறி வந்தவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான், "யாரும்மா வேணும்?" என்று கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கதான் அந்த ரயிலா?"

நான் விழித்தேன்.

"தங்கம், ஆத்தாளைத் தேடுதியான்னு பேசுத ரயிலு. கொரல் அப்படியே இருக்கே. ஒங்களைத்தான் தேடி வந்தேன்."

அவர் மகள் பேச்சிக்கு ஏழு வயது. உடன் வந்திருந்த உறவினர் செல்போனில் அந்தக் கதையைப் பலமுறை பார்த்திருக்கிறாள். முந்தின நாள் மதியம் ரயில் வருகிற ஓசை கேட்டதும் ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சரளைக்கல் மேட்டில் ஏறித் தண்டவாளத்தை நோக்கி நடந்திருக்கிறாள். நிற்கச் சொல்லி உள்ளங்கையை விரித்து ரயிலுக்குக் காட்டியிருக்கிறாள். பாதையைச் சோதித்துக்கொண்டு வந்த ரயில்வே ஊழியர் ஒருவர் ஓடிச்சென்று இழுத்துவிட்டார். வண்டி போன காற்றில் இருவரும் சரிந்து விழுந்திருக்கிறார்கள்.

"அடிச்சேன், திட்டுனேன், கெஞ்சியும் பாத்தேன். 'ரயில் தாத்தா நிப்பாவ, ஒனக்கு ஒண்ணும் தெரியாது'ங்கா. இப்ப இடுப்புல கயித்தைக் கட்டி வண்டிச் சக்கரத்துல முடிஞ்சு போட்டுட்டு வந்திருக்கேன். காட்டுக்குச் சொந்தக்காரர்ட்டப் பேசுனபடி இன்னும் ஒம்பது நாளைக்குக் கிடையைக் கிளப்ப முடியாது. ஒம்பது நாளும் கட்டியே போட முடியுமா? ஒங்க வாயால சொன்னாக் கேப்பா. வந்து சொல்லுங்க."

அவர் எங்களைக் குறை கூறவில்லை. மருந்து வாங்க வந்தவரைப் போலவே பேசினார். சங்கரலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "இன்னைக்கே அதை எடுத்துருவோம் தாயி" என்றார். ஒரு மணி நேரத்தில் அந்தக் கதை நீக்கப்பட்டது. ஆனால் ஜெயராணி அமைதியடையவில்லை. "அந்தப் பிள்ளை மனசுல இருந்து எப்படி எடுப்பீங்க? இன்னும் எத்தனை பிள்ளைக போன்ல எறக்கி வச்சிருக்கோ" என்றார்.

5. கிடையில்

அன்று பிற்பகலே நானும் ஜெயராணியும் பருத்திக்காட்டுக்குச் சென்றோம். பிடுங்கிப் போட்ட பருத்திமார் என்னும் காய்ந்த செடிக் குவியலுக்கு அருகே, மாட்டுவண்டிச் சக்கரத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் பேச்சி அமர்ந்திருந்தாள். மடியில் ஒரு வெள்ளைக் குட்டி. நான் மண்ணில் அமர்ந்து, பெரியநாயகத்தின் குரலில் பேசினேன்.

"பேச்சி, நான்தான் பெரியநாயகம். ரயிலு நெனைச்ச இடத்துல நிக்காது தாயி. கிட்டப் போகக் கூடாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"நீங்க ஆளுல்லா? ரயிலுக்கு வீலு இருக்கும்."

"ரயிலுக்குப் பேசுதது நான்தான்."

"பொய். ரயிலு அதுவா பேசுது. பொகை வருதுல்லா?"

ஜெயராணி குறுக்கிட்டார். "அது நான் வரைஞ்ச படம்டா செல்லம். நெசம் கெடையாது."

"நெசம் இல்லன்னா அப்புறம் எதுக்குக் காட்டுனீங்க?"

வேறு வழி ஒன்றை முயன்றேன். பாதையில் இப்போது ஓடுகிற மின்சார எஞ்சின்களுக்குப் புகை வராது, அவை பெரியநாயகம் அல்ல என்றேன்.

"தெரியும். அது அவிய பேரன். தாத்தா நின்னா பேரனும் நிப்பான்" என்றாள். தொடரின் வேறொரு கதையில் சிட்டு கேட்கும் கேள்விக்குப் பெரியநாயகம் அப்படிச் சொல்லியிருந்தார். அதுவும் நான் கையொப்பமிட்டதுதான்.

மாரித்தாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்லா" என்றார்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தம் வந்ததும் ஜெயராணி, "நாம சொன்னா நம்ப மாட்டா சார். பாத்ததைத்தான் நம்புதா. அப்ப வேற ஒண்ணைக் காட்டணும்" என்றார்.

6. இரண்டாம் பதிவு

மறுநாள் காலையில் அச்சகத்தில் மூவரும் கூடினோம். அதே குட்டி, அதே பாதை. ஆனால் பெரியநாயகம் நிற்கமாட்டார் என்றேன். சங்கரலிங்கம் உடன்படவில்லை.

"முன்னால எச்சரிக்கைன்னு ஒரு வரி போடுவோம் அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது தம்பி."

"அதுக்காக நம்ம ஆளையே தோக்கடிக்கணுமா? லேபிள்ல புலி போட்டா அது பாயணும். படுத்துக்கெடந்தா எவன் வாங்குவான்?"

ஜெயராணிக்கு வேறு அச்சம். "குட்டி செத்துப்போற மாதிரிக் காட்டுனா நாலு வயசுப் பிள்ளைக ஒறங்காது சார்."

அப்போது, யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். நான் டிரைவரான புதிதில் ஒரு வளைவில் ஆட்டு மந்தை பாதையைக் கடந்தது. ஒரு பெண் முந்தானையை வீசிக்கொண்டு வண்டிக்கு எதிரே ஓடிவந்தார். அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. விசிலை விடாமல் அடித்தேன். பிரேக் முழுவதும் போட்டேன். அந்தப் பெண் விலகிவிட்டார். ஆடுகளில் ஒரு பகுதி விலகவில்லை. வண்டி அவற்றைக் கடந்து நெடுந்தூரம் போய் நின்றது. இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். அந்தப் பெண் என்னை ஏசவில்லை. "கண்ணு தெரியாதாய்யா?" என்று மட்டும் கேட்டார். "தெரிஞ்சுது தாயி. நிக்கல" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அந்த நேரத்துல எஞ்சின் பேசும்னா அதைத்தான் பேசும்" என்று முடித்தேன்.

சங்கரலிங்கம், "ஏழு நாள்ல முடியுமா ஜெயா?" என்று கேட்டார்.

"அஞ்சு நாள்ல தாரேன். பழைய படம் பாதி அப்படியே கெடக்கு."

கதையை இவ்வாறு அமைத்தோம். குட்டியைக் கண்டதும் பெரியநாயகம் பிரேக் போடுகிறார். வேகம் குறைகிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்னாலிருக்கும் பெட்டிகள் முட்டித் தள்ளுவதை ஒவ்வொன்றாகக் காட்டினோம். "நில்லுங்கலே!" என்று பெட்டிகளைப் பார்த்துக் கத்துகிறார். பெட்டிகளுக்குப் பேச்சு வராது. அவருக்கு மிஞ்சியது விசில் ஒன்றுதான். அதை அடித்துக்கொண்டே, "எந்திரி தங்கம்... ஓடு... என்னால நிக்க முடியல" என்று அழுகிறார். தாய் ஆடு பாதையோரத்திலிருந்து கத்த, குட்டி கடைசி நொடியில் துள்ளி விலகுகிறது. வண்டி அது படுத்திருந்த இடத்தின் மேலேயே போகிறது. வெகுதூரம் போய்த்தான் நிற்கிறது. அந்தத் தூரம் முழுவதையும் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சுருக்கினால் மீண்டும் பொய்யாகிவிடும். ஜெயராணி அரை நிமிடம் முழுமையாக ஒதுக்கினார். வசனம் இல்லை, இசை இல்லை, சக்கர ஓசை மட்டும்.

ஒலிப்பதிவில் இம்முறை ஜெயராணி என்னைத் தணிந்து பேசச் சொல்லவில்லை. கத்தினேன். மூன்றாம் டேக்கில் குரல் உடைந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டார்கள்.

7. பேச்சி பார்த்தது

ஆறாம் நாள் கிடைக்குச் சென்றோம். கயிறு அப்போதும் அவள் இடுப்பில் இருந்தது. அவிழ்க்க முயன்றிருக்கிறாள், முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு விழுந்திருந்தது. நான் எதுவும் பேசக்கூடாது என்று ஜெயராணி முன்னரே சொல்லியிருந்தார். செல்போனை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகி அமர்ந்தோம்.

பிரேக் போடும் இடத்தில் அவள் சிரித்தாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வண்டி நிற்காமல் வந்துகொண்டே இருந்தபோது சிரிப்பு நின்றது. விசில் தொடங்கியதும் எழுந்துவிட்டாள். "ஏ குட்டி, எந்திரி! எந்திரி சனியனே!" என்று செல்போனைப் பார்த்துக் கத்தினாள். மாரித்தாய் அருகே வந்து நின்றார். குட்டி துள்ளி விலகியது. அந்த அரை நிமிடம் சக்கரங்கள் ஓடின. வண்டி நின்ற பிறகு பேச்சி என்னை நோக்கித் திரும்பினாள்.

"தாத்தா பிரேக்கு போட்டாவல்லா?"

"போட்டாவ."

"பொறவு?"

"நீ பாத்தியே. பின்னால பெட்டியெல்லாம் தள்ளுச்சு."

"எல்லா ரயிலுக்கும் தள்ளுமா?"

"எல்லாத்துக்கும்."

"பேரனுக்கும்?"

"பேரனுக்கு இன்னும் நெறையப் பெட்டி."

மறுபடியும் பார்த்தாள். மூன்றாம் முறை விசில் வருமுன்பே செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். வடக்கிலிருந்து பகல் வண்டி ஒன்று வருவது கேட்டது. மாரித்தாயின் கை தானாகக் கயிற்றைப் பற்றியது. நான் வழக்கப்படி எழுந்து பாதைப் பக்கமாக நாலு எட்டு நடந்தேன். வண்டி வந்தால் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பின்னாலிருந்து என் வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள். கயிறு எட்டும் எல்லை வரை பேச்சி வந்திருந்தாள். ஒரு கையில் குட்டி, மறு கையில் என் வேட்டி.

"இங்கன வாங்க! அவியளால நிக்க முடியாது!"

வண்டி கடந்து போகும் வரை அவள் பிடியை விடவில்லை. கடைசிப் பெட்டி போனதும், "பாவம்" என்றாள். குட்டியைச் சொன்னாளா, ரயிலைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. மாரித்தாய் அன்று கயிற்றை அவிழ்க்கவில்லை. மறுநாளும் மூன்று வண்டிகள் வரும்போது மகளைக் கவனித்துவிட்டுத்தான் அவிழ்த்தேன் என்று பின்னர் ஜெயராணிக்கு போனில் தெரிவித்தார். அவர் செய்ததே சரி. எஞ்சிய நாள்கள் கழிந்து கிடை விளாத்திகுளம் பக்கம் போயிற்று.

இத்தொழிலுக்கு வருகிற இளையோருக்கு நான் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. பிரதியில் பிழை தேடும்போது, இது உண்மையா என்று மட்டும் கேட்டால் போதாது. இதை நம்பும் குழந்தை நாளை என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும். எஞ்சின் பேசுகிறது என்று நம்பும் குழந்தைக்கு அதனால் கேடில்லை. நிற்கும் என்று நம்பினால் அது தண்டவாளத்துக்கு வரும். இந்த வேறுபாட்டை அறியாமல்தான் நான் சிவப்பு மை வைத்திருந்தேன்.

புதிய கதை பழையதைப் போல ஓடவில்லை. சில நாள்களுக்குமுன் ஒரு தாய், தம் மகன் அதைப் பார்த்து அழுதுவிட்டதாகக் குறை எழுதியிருந்தார். எந்த இடத்தில் அழுதான் என்று ஜெயராணி கேட்டு எழுதினார். ரயில் நிற்காமல் போகிற இடத்தில் என்று பதில் வந்தது. சங்கரலிங்கம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தை நாங்கள் மாற்றவில்லை.